புகைப்படம் எடுக்க ஒளியை அளக்கும் பழைய லைட் மீட்டரின் முள் அசையவில்லை. சுத்தம் செய்து சரிப்படுத்த முடியுமா?

பேட்டரி இல்லாத செலினியம் மீட்டர், அதாவது வெஸ்டன் மாஸ்டர், லெனின்கிராட் 4, செகோனிக் எல்-398 போன்ற ஒன்று உங்கள் கையில் இருப்பதாகக் கொண்டு பதில் எழுதுகிறேன். இதனுள் முக்கியமான உறுப்புகள் மூன்றுதான்: ஒளியை மின்சாரமாக்கும் செல், அந்த மின்சாரத்தால் முள்ளைத் திருப்பும் கம்பிச்சுருள், இவ்விரண்டையும் இணைக்கும் தொடுமுனைகள். செல் செத்துப்போயிருந்தால் அதை உயிர்ப்பிக்க வழியில்லை. தொடுமுனையில் களிம்பு ஏறியிருந்தால் பொறுமையுள்ள எவரும் சரிசெய்துவிடலாம். எனவே எதையும் துடைக்கத் தொடங்குவதற்கு முன், கோளாறு இம்மூன்றில் எங்கே என்று கண்டறிவதே முதல் வேலை.

செல்லை ஒளி புகாதபடி மூடிவிட்டு மீட்டரை நிமிர்த்தியும் கவிழ்த்தும் பக்கவாட்டில் சாய்த்தும் பாருங்கள். முள் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். சற்றே விலகியிருந்தால் அதற்கென்றே உள்ள சிறு திருகைக் கொண்டு சரிசெய்யலாம். பிறகு மணிக்கட்டை வெடுக்கெனத் திருப்பினால், முள் ஆடி அடங்கித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிளாஸ்டிக் மூடி கொண்ட மீட்டர்களில், மூடியை உலர்ந்த துணியால் துடைத்ததும் நிலைமின்னேற்றம் உண்டாகி, முள்ளை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்வதுண்டு. மூடியின் மேல் வாயால் ஒருமுறை ஊதி ஆவி படியச் செய்தாலே முள் விடுபட்டுவிட்டால், கருவியைத் திறக்கவே தேவையில்லை.

முள் எப்போதும் ஒரே இடத்தில் தடைபட்டு நிற்கிறதென்றால், காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் இரும்புத்தூள் சிக்கியிருக்கக்கூடும். இரும்புத் திருப்புளியை அதனருகே கொண்டுபோனால் காந்தம் அதை இழுத்துவிடும். அது போய் மோதுவது பெரும்பாலும் தலைமுடியை விட மெல்லிய சுருள்வில்லின் மீதுதான். மூங்கில் பல்குச்சியின் நுனியில் ஒட்டும் பசைக்களி சிறிதளவு வைத்து, உருப்பெருக்கியின் உதவியோடு தூளை ஒற்றி எடுங்கள். அச்சுமுனைகளுக்கு எண்ணெய் விட வேண்டாம். அவை உலர்ந்த நிலையில் சுழல்வதற்காகவே அமைக்கப்பட்டவை.

அடுத்து மின்சோதனை. செல்லுக்கும் சுருளுக்கும் உள்ள இணைப்பைப் பிரித்துவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை 100 கிலோ ஓம் மின்தடையம் வழியாகச் சுருளோடு இணைத்தால் அதிகபட்சம் 15 மைக்ரோ ஆம்பியர் பாயும். முள் நகர்ந்தால் சுருள் நலம். மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டை நேரடியாகச் சுருளில் வைத்துப் பார்க்காதீர்கள்; அது செலுத்தும் மின்னோட்டம் முள்ளை வளைத்துவிடும், சுருளையே எரித்தும்விடலாம். செல்லைச் சோதிக்கும்போது அதை வெயிலில் காட்டி, மைக்ரோ ஆம்பியர் அளவைப் பாருங்கள். வோல்ட் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனெனில் நலிந்த செல்லும் ஓரளவு மின்னழுத்தம் காட்டும்; முள்ளைத் தள்ளத் தேவையான மின்னோட்டம்தான் அதில் இருக்காது.

இரண்டும் நலமாக இருந்து முள் மட்டும் அசையவில்லையென்றால் குற்றவாளி தொடுமுனைதான், அதாவது செல்லின் விளிம்பை அழுத்திக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகத் தகடு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைப் பல்குச்சியில் சுற்றி, அந்தத் தகட்டைத் தேய்த்துத் துலக்கி, ஒட்டியிருக்கும் களிம்பை நீக்குங்கள். செல்லின் விளிம்பு வளையத்தை மென்மையாக ஒற்றினால் போதும். செல்லின் முகப்பை மட்டும் மென்தூரிகையைத் தவிர வேறெதனாலும் தொடக்கூடாது. செலினியப் படலத்தின் மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது, தேய்த்தால் அது போய்விடும். கம்பி அறுந்திருந்தாலும் செல்லின் மேல் பற்றவைக்க வேண்டாம், சூடு அதைக் கெடுத்துவிடும். படலம் உரிந்து பொடியாக உதிர்ந்தால் ஊதாதீர்கள். செலினியம் நச்சுத்தன்மை உடையது.

முள் அசையத் தொடங்கியபின், சீராக ஒளி பட்ட சாம்பல் நிறப் பரப்பொன்றை டிஜிட்டல் கேமராவாலும் மீட்டராலும் அளந்து ஒப்பிடுங்கள். வெயில், நிழல், அறை வெளிச்சம் என மூன்று நிலைகளிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால், மீட்டரில் ஐஎஸ்ஓ எண்ணை, அதாவது பிலிம் வேகத்தை (பிலிமின் ஒளியுணர்வை)க் குறிக்கும் எண்ணை, மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். வித்தியாசம் ஒளிக்கேற்ப மாறினால் செல் நலிந்துவிட்டது என்று பொருள். பழைய வெஸ்டன் மீட்டர்களில் பிலிம் வேகத்துக்குத் தனி அளவுகோல் உண்டு, அதன் 80 என்பது ஏறத்தாழ ஐஎஸ்ஓ 100 ஆகும்; இதை அறியாமல் மீட்டரைக் குறை சொல்பவர்கள் பலர்.

செத்த செல்லுக்குப் பதிலாகச் சிறிய சிலிக்கான் சூரிய செல்லைப் பொருத்துபவர்களும் உண்டு. அது மிகுதியான மின்னோட்டம் தருவதால் மின்தடையம் வேண்டும்; அகச்சிவப்புக் கதிரையும் உணர்வதால், வடிகட்டி வைக்காவிட்டால் இழைபல்பு வெளிச்சத்தை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதைவிட, அதே மாடலில் செல் நன்றாக உள்ள, ஆனால் முள் உடைந்த இன்னொரு மீட்டரைத் தேடி வாங்கி, இரண்டையும் ஒன்றாக்குவதையே நான் விரும்புவேன்.