அம்மாவின் கால் ஆணி

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவு, பாதத்தில் கால் ஆணி. நேரே தனியார் பாத சிகிச்சையாளரிடம் போகலாமா? மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதி கைகொடுக்குமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: போகலாம், முழுக் கட்டணம் கட்டத் தயார் என்றால். சலுகைக் கட்டணம் வேண்டுமா, முதலில் பலதுறை மருந்தக (அரசு மருந்தகம்) மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரை வாங்குங்கள். மெடிஷீல்டு லைஃப் மருத்துவமனையின் பெரிய கட்டணங்களுக்கானது, ஆணி சீவ அதை நம்பாதீர்கள். நீரிழிவுச் சிகிச்சைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து எடுக்கலாம், சில நேரம் 15 விழுக்காடு கையிலிருந்து போகும். பாத சிகிச்சையும் அதில் அடங்குமா என்று முகப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, அதுவரை பிளேடு வேண்டாம் (நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கவா போகிறார்கள்!), ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் உணர்ச்சி குறைந்த காலை வலி தெரியாமலே புண்ணாக்கிவிடும். சீழோ சிவப்போ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.