‘கேரியர்’ என்று ரிப்போர்ட் வந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11, எம்சிவி 63, ஆர்பிசி 5.6 மில்லியன், ஹெச்பிஏ2 5.3 சதவீதம். “பீட்டா தலசீமியாவை கேரி செய்கிறாள்” என்றார் டாக்டர். இது மாப்பிள்ளைக்குத் தொற்றுமா? இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: தொற்றாது. ‘கேரி’ என்ற சொல்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. டைபாய்டு போன்ற கிருமி நோய்களில் கேரியர் என்றால், தனக்கு எதுவும் தெரியாமலேயே அடுத்தவருக்குக் கிருமியைப் பரப்புபவர். மரபியலில் பொருளே வேறு. பீட்டா தலசீமியா என்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என நம் எல்லோருக்கும் இரண்டு உண்டு. உங்கள் மகளுக்கு அதில் ஒன்றில் மாற்றம் இருக்கிறது, மற்றொன்று ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் அவள் நோயாளி இல்லை. அந்த மாற்றம் அவள் பெறும் பிள்ளைக்குப் போகலாம், கணவருக்குப் போக வழியே இல்லை.

ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். எம்சிவி என்பது ரத்தச் சிவப்பணுக்களின் சராசரி அளவு. அது 63 என்றால் சிவப்பணுக்கள் சிறியவை. இரும்புச்சத்து குறைந்தாலும் சிறுக்கும், ஆனால் அப்போது பொதுவாக அவற்றின் எண்ணிக்கையும் (ஆர்பிசி) குறையும். இவளுக்கோ 5.6 மில்லியன், தாராளம். ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஹெச்பிஏ2-வும் கூடியிருப்பதால் டாக்டர் சொன்னது சரிதான். எனவே உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்காமல் இரும்பு மாத்திரை கொடுக்காதீர்கள். உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் கொடுக்கலாம்.

சரி, கல்யாணம்? முதலில் மாப்பிள்ளைக்கும் சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை) இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். மறைக்காமல் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். ஹெச்பிஎல்சியில் ஹெச்பிஇ, சிக்கிள் ஹீமோகுளோபின் போன்ற மாறுபட்ட ஹீமோகுளோபின்களும் தெரியும். பீட்டா தலசீமியாவோடு அவை சேர்ந்தாலும் குழந்தைக்குச் சிக்கல் வரும். எதுவும் இல்லை என்றால் குழந்தை அதிகபட்சம் உங்கள் மகளைப் போல கேரியராக இருக்கும், அவ்வளவுதான்.

இருவருமே பீட்டா கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் தலசீமியா மேஜர் வர 25 சதவீத வாய்ப்பு. பலர் இதை நாலு பிள்ளைகளில் ஒன்று என்று புரிந்துகொண்டு, முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்தது தப்பிவிடும் என்று நம்புகிறார்கள். அப்படிக் கிடையாது, ஒவ்வொரு முறையும் அதே 25 சதவீதம்தான். மேஜர் என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், அதுவும் ஆயுள் முழுக்க.

அப்போதும் கல்யாணத்தை நிறுத்தத்தான் வேண்டும் என்றில்லை. கர்ப்பத்தின் 11-வது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து, குழந்தைக்கு மேஜர் இருக்கிறதா என்று பார்க்க முடியும். அதற்கு இருவரின் மரபணு மாற்றமும் இன்னதென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆகவே கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனைக்குப் போகட்டும். பரேலில் கேஇஎம் மருத்துவமனை வளாகத்திலேயே ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் இருக்கிறது. தலசீமியா அவர்களுடைய துறை.

அப்புறம், மகளுக்கு இது உங்களிடமிருந்தோ உங்கள் கணவரிடமிருந்தோ வந்திருக்கும். அவளுக்கு அண்ணன், தம்பி, தங்கை யாராவது இருந்தால் அவர்களுக்கும் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்களுக்கும் வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே இந்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள்.