கலே நகரச் சுவரில் ஒரு தெப்பம்

கேள்வி: உலகம் போற்றும் ஓவியங்களைத் தெருச் சுவர்களில் மாற்றி வரைந்துவிட்டு, அதைச் சமூக விமர்சனம் என்கிறார்களே? சொந்தக் கற்பனை இல்லாதவர்கள் மேதைகளின் உழைப்பில் குளிர்காய்வதும் அவர்களை அவமதிப்பதும் எப்படிக் கலையாகும்?

பதில்: யார் யாரை அவமதித்தார்கள் என்பதை ஒரு சுவரை வைத்தே பார்த்துவிடுவோம். பிரிட்டனுக்குக் கடல் கடந்து செல்ல ஆயிரக்கணக்கான அகதிகள் கூடாரங்களில் காத்துக்கிடந்த பிரான்சின் கலே துறைமுக நகரில், 2015 டிசம்பரில், குடிவரவு அலுவலகத்துக்கு அருகே தன் அடையாளத்தை வெளிக்காட்டாத பிரிட்டிஷ் தெருவோவியர் பேங்க்சி ஒரு தெப்பத்தை வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் தெயோதோர் ஜெரிக்கோ 1819இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த ‘மெதூசாவின் தெப்பம்’தான் அது. குவிந்து கிடக்கும் உடல்களும் துணியை வீசி உதவி கேட்கும் கைகளும் அப்படியே இருக்க, அடிவானத்தில் மட்டும் இக்காலத்துக் கப்பல் ஒன்று இருந்தது. ‘நாம் எல்லோரும் ஒரே படகில் இல்லை’ என்பது அவர் அதற்கு இட்ட வாசகம்.

ஜெரிக்கோ வரைந்தது என்ன என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிரிட்டன் திருப்பித் தந்த செனகல் குடியேற்றத்தைப் பொறுப்பேற்க 1816இல் புறப்பட்ட ‘மெதூசா’ என்னும் பிரெஞ்சுக் கப்பல், மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மணல் திட்டில் தட்டி நின்றது. இருபது ஆண்டுகளாகக் கப்பலோட்டாத ஒருவருக்கு அரச விசுவாசத்துக்காகவே தலைமைப் பதவி கிடைத்திருந்தது. அவரும் உயரதிகாரிகளும் படகுகளில் ஏறிக்கொள்ள, படகுகளில் இடம் கிடைக்காத சுமார் 147 பேர் அவசரமாகக் கட்டிய தெப்பத்தில் ஏற்றப்பட்டார்கள். படகுகள் அதை இழுத்துச் செல்லும் என்று சொல்லப்பட்டது, ஆனால் சிறிது நேரத்தில் கயிறு கைவிடப்பட்டது. பதின்மூன்று நாட்களுக்குப் பின் ‘ஆர்கஸ்’ கப்பல் தற்செயலாகக் கண்டபோது உயிரோடு இருந்தவர்கள் பதினைந்து பேர். ஜெரிக்கோ, தப்பியவர்களை நேரில் கண்டு பேசினார், பிணவறையில் சடலங்களைப் பார்த்து வரைந்தார், பின்னர் அந்தத் தலைவரை நியமித்த அரசின் காலத்திலேயே, ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரமும் ஏழு மீட்டர் அகலமும் கொண்ட ஓவியத் திரையில், கயிற்றை விட்டவர்களின் குற்றத்தைப் பாரிஸ் நகரத்தார் கண்முன் நிறுத்தினார்.

அந்தக் குற்றச்சாட்டு இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தங்கச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வரும் கூட்டம் அதன் ஒளியையும் அமைப்பையும் வியந்துவிட்டு நகர்கிறது. ஓவியத்துக்கு நேர்ந்த அவமதிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். பேங்க்சி அந்தத் திரையைத் தொடவில்லை. அது கேட்ட கேள்வியை, பதில் சொல்ல வேண்டிய அலுவலகத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். கற்பனை வறட்சி என்ற குற்றச்சாட்டும் எனக்கு ஏற்புடையதல்ல. பழைய ஸ்பானிய மேதை வெலாஸ்கெஸின் ஒரே ஓவியத்தை 1957இல் பிக்காசோ பலமுறை கலைத்துக் கலைத்து வரைந்ததை நாம் வறட்சி என்று சொல்வதில்லை.

மோனாலிசாவின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு விமர்சனம் என்று சொல்லிக்கொள்ளும் சுவர்கள் இருக்கின்றன. மூலத்துக்கும் மாற்றத்துக்கும் எந்த உறவும் இல்லாத அவற்றை நானும் ஏற்கவில்லை. கலேயின் சுவரில் அந்த உறவு ஆழமானது. தெப்பத்தின் உச்சியில் நின்று துணி வீசுபவர் ஒரு கறுப்பின மனிதர். அவரை அங்கே நிறுத்தியவர் ஜெரிக்கோ. சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வந்து கலேயில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஓவியத்துக்குள் இருந்தார்கள்.