ஓட்டை மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உலோக அயனியை நடுவில் பிடித்துக்கொள்ளும் வளைய மூலக்கூறுகளான கிரவுன் ஈதர்களில் ஒன்று 18-கிரவுன்-6. அது சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை ஏன் விரும்புகிறது என்று தேர்வில் கேட்டால், வளையத்தின் ஓட்டைக்குப் பொட்டாசியம் அயனி சரியாகப் பொருந்தும், சோடியம் சிறியது என்று எழுதினால் முழு மதிப்பெண். இனி இதில் ஆராய என்ன இருக்கிறது? கிரவுன் ஈதரைக் கண்டறிந்த பெடர்சன் முனைவர் பட்டம் இல்லாமலே 1987இல் நோபல் பெற்றார். நான் மட்டும் எதற்கு அதற்காக ஐந்தாண்டு அலைய வேண்டும்?

- ர.

அன்புள்ள ர.,

பெடர்சனைச் சாக்காக இழுக்காதீர்கள். டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் நாற்பதாண்டுக்கு மேல் உழைத்தவர் அவர். போகட்டும். நெடுநாளாக என்னை உறுத்துவது அந்த ஓட்டைதான்.

கரைப்பானே இல்லாத வாயு நிலையில் இதே வளையம் சோடியத்தைத்தான் இறுகப் பிடிக்கிறது. சிறிய அயனியை நெருங்க வளையம் மடங்கிக்கொடுக்கிறது. தண்ணீரில் நிலைமை ஏன் தலைகீழாகிறது? அங்கே அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றிடமிருந்து பிரித்தெடுக்க ஒரு மோல் சோடியத்துக்குச் சுமார் 405 கிலோஜூல், பொட்டாசியத்துக்குச் சுமார் 320. சோடியத்துக்கு வளையம் கூடுதலாகத் தருவது இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. நீரை மறந்துவிட்டு ஓட்டையை அளப்பது, வரதட்சணைப் பேச்சைக் கேட்காமல் ஜாதகப் பொருத்தம் மட்டும் பார்ப்பதைப் போன்றது. சோடியத்துக்கென்று பாடநூல் ஒதுக்கிவைத்த சிறிய வளையமான 15-கிரவுன்-5கூட மெத்தனாலில் பொட்டாசியத்தைச் சற்று வலுவாகவே பிடிக்கிறது. இதை எந்த விடைத்தாளிலும் நான் கண்டதில்லை.

பெடர்சன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வனேடியம் என்ற உலோகத்தைப் பிடிக்க ஒரு சேர்மம் செய்யப்போய், மூலப்பொருளில் கலந்திருந்த மாசினால் வெறும் 0.4 சதவீதம் விளைச்சலில் வெள்ளைப் படிகங்கள் கிடைத்தன. அவைதான் அவருடைய முதல் கிரவுன் ஈதர். மெத்தனாலில் சரியாகக் கரையாத அவை சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்ததும் கரைந்தன. முதல் துப்பைக் கொடுத்ததே நீங்கள் தள்ளிவைக்கும் சோடியம்தான், தம்பி!

நான் படித்த காலத்தில் ஆசிரியர் ஒருவர் பென்சீனில் பர்மாங்கனேட்டைப் போட்டுக் குலுக்கிக் காட்டினார். அடியில் மணல்போல் கிடந்தது. ஒரு சிட்டிகை கிரவுன் ஈதர் விழுந்ததும் குடுவை முழுக்க ஊதா. "ஏன்?" என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் வகுப்பை முடித்துவிட்டார். அன்று அவர்மேல் எனக்கு அத்தனை கோபம்.

நானும் அதையே செய்கிறேன். ரத்தத்தில் பொட்டாசியத்தை அளக்கும் மின்முனையில் வாலினோமைசின் என்ற மூலக்கூறு இருக்கிறது. அதுவும் வளையம்தான். ஆனால் சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு விரும்புகிறது. 18-கிரவுன்-6க்கு மெத்தனாலில்கூட ஐம்பது மடங்குதான். வளையம் மடங்குமா, மடங்காதா என்று யோசித்து எனக்கு எழுதுங்கள். பட்டத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.