நிலத்தடியில் செலுத்தப்படும் கரியமில வாயு பாறையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடாதா?

நான் பாறை இயக்கவியல் படித்து அத்துறையிலேயே பணிபுரிகிறேன். உங்கள் அச்சத்துக்கு அடிப்படை உண்டு; ஆனால், அஞ்ச வேண்டியது வாயுவைக் காட்டிலும் அதைச் செலுத்தும் அழுத்தத்துக்குத்தான்.

ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே இந்த வாயு திரவம்போல அடர்ந்து, மணற்பாறையின் நுண்துளைகளில் உள்ள உப்புநீரை விலக்கி அங்கே தங்குகிறது. மேலிருக்கும் களிப்பாறை அதற்கு மூடி. பாறைக்குள் ஏற்கெனவே உள்ள பிளவுகள் வழுக்காமல் நிற்பது, மேற்பாரமும் பக்கவாட்டு நெருக்கமும் அவற்றை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான். துளைகளில் அழுத்தம் ஏற ஏற அந்தப் பிடி தளர்ந்து பழைய பிளவு வழுக்கக்கூடும். பாறையைப் பக்கவாட்டில் நெருக்கும் விசையின் செறிவை, அதாவது தகைவை, அது மிகக் குறைவாக உள்ள திசையில் அழுத்தம் தாண்டினால் பாறை புதிதாகவே பிளக்கும்.

இது அல்ஜீரியாவின் இன் சலா எரிவாயுத் திட்டத்தில் கண்கூடாகத் தெரிந்தது. சகாரா பாலைவனத்தில், 2004 முதல் 2011 வரை சுமார் 38 லட்சம் டன் கரியமில வாயுவை, 1,900 மீட்டர் ஆழத்தில் 20 மீட்டர் தடிமனே உள்ள, எளிதில் வழிவிடாத மணற்பாறைக்குள் மூன்று கிணறுகள் வழியே செலுத்தினார்கள். நிலம் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. ஒரு கிணற்றின் மேல் மட்டும் அந்த உயர்வு ஒற்றை மேடாக இல்லாமல், நடுவே தாழ்ந்த இரட்டை மேடாக இருந்தது. ஆழத்தில் செங்குத்தான பிளவு ஒன்று வாய் திறந்தால் தரையில் தெரியும் வடிவம் அது. பிளவு மூடுபாறையின் அடிப்பகுதிக்குள் புகுந்திருக்கலாம் என்ற கவலையால் 2011 ஜூனில் செலுத்துவதை நிறுத்தினார்கள். பல நூறு மீட்டர் தடிமனுள்ள மூடுபாறையைக் கடந்து வாயு வந்ததற்குச் சான்றில்லை. தரையில் கசிவு காணப்பட்டது 2007இல், பழைய ஆய்வுக் கிணறு ஒன்றின் வாயில்தான்; அதைப் பின்னர் அடைத்தார்கள். கைவிடப்பட்ட கிணறுகளை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

நார்வேயின் ஸ்லைப்னர் கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் வரை செலுத்தியும் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. அங்குள்ள மணலடுக்கு அவ்வளவு தடிமனானது, தாராளமாக வழிவிடுவது. அதே நாட்டின் ஸ்னோவிட் எரிவாயு வயலில் 2008இல் தொடங்கியபின் எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியதால், 2011இல் வேறு அடுக்குக்கு மாறினார்கள். அந்த முடிவை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை.

எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, குறைந்தபட்சத் தகைவைக் கிணற்றிலேயே அளந்தார்களா, செலுத்தும் அழுத்தத்துக்கு அதைவிடக் குறைவான உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா, அதை மீறினால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.