விளக்கு பிடிக்க மட்டும் கூப்பிடுகிறார்கள், மான் வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: நண்பர்கள் இரவில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் சுட வேண்டாமாம், வண்டியில் நின்று விளக்கு பிடித்தால் போதுமாம். பகலில் உரிமத்தோடு மான் சுட அனுமதிக்கும் நாடுகள்கூட இரவில் தடுப்பது ஏன்? உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா? மாட்டினால் எனக்கும் தண்டனை உண்டா?

பதில்:

போகாதீர்கள். ஒரு முறை விளக்கு பிடித்தவன் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஜீப்பின் பின்பக்கம் நான்கு பேர் நின்றிருந்தோம். துப்பாக்கி வைத்திருந்தவர் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், பல வருடம் பழகிய கை. என் வேலை விளக்கு. "ஆட்டாம மெதுவா வீசு, கண்ணு மின்னுச்சுன்னா அங்கயே நிறுத்து" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்புறம் ஒரு மேட்டை ஒட்டிய புதருக்குப் பக்கத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னின. பக்கத்திலேயே இன்னும் இரண்டு. "மான்தான்" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் முணுமுணுத்தோம். அதில் நானும் ஒருவன். நான் பார்த்தது நான்கு புள்ளிகளை. வாய் சொன்னது மான் என்று.

பெரியவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக் கன்னத்தை வைத்துவிட்டார். அந்த நொடியில் புதர்ப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது.

மனித இருமல். அவர் குழலை வானத்துக்குத் தூக்கினார். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்திருந்த ஒரு வயதானவர், கண் கூசியதால் கையை நெற்றிக்குக் கொடுத்தபடி எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் அவருடைய ஆடுகள். என் விளக்கு அதற்கு முன்பும் அவர் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. அப்படியும் நான் அவரைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதைப் பிறகு தேடிப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதில்தான் இருக்கிறது.

மான், ஆடு, மாடு, குதிரை, நாய், பூனை ஆகியவற்றின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். மங்கிய ஒளியிலும் அவற்றுக்குப் பார்வை நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நாம் விளக்கடித்தால் கண் மின்னுவதும் இதனால்தான். மனிதக் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. ஆகவே இருட்டில் ஒரு வெள்ளாடும் அதன் பக்கத்தில் ஒரு மனிதனும் இருந்தால், விளக்கு ஆட்டை மட்டும் காட்டிக் கொடுக்கும். மனிதன் புதரோடு புதராகக் கரைந்துவிடுவான். மின்னும் நிறத்தை வைத்து இன்ன விலங்கு என்று சொல்லிவிடலாம் என்று சிலர் சாதிப்பார்கள். கோணமும் தூரமும் மாறினால் ஒரே விலங்கின் கண் பச்சையாகவும் தெரியும், மஞ்சளாகவும் தெரியும். அதை நம்பித் துப்பாக்கியை நீட்டக் கூடாது.

இது எனக்கு மட்டும் நடந்த தற்செயல் இல்லை. 2010 அக்டோபரில் நியூசிலாந்தின் டுராங்கிக்கு அருகே ஒரு வனப் பூங்கா முகாமில், இளம் ஆசிரியை ஒருவர் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு பல் துலக்கிக்கொண்டிருந்தார். வண்டியில் விளக்கடித்து மான் தேடி வந்த கூட்டத்தில் ஒருவர் அந்தத் தலைவிளக்கை மானின் கண் என்று நினைத்துச் சுட்டார். அந்தப் பெண் இறந்துபோனார், சுட்டவர் சிறைக்குப் போனார். அந்த நாட்டில் மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட விலங்கு. காட்டை அழிக்கிறது என்று அரசே அதைக் குறைக்கப் பார்க்கிறது. அப்படிப்பட்ட இடத்திலும் பொதுக் காடுகளில் இரவில் விளக்கடித்துச் சுடத் தடை இருக்கிறது. மானைக் காப்பாற்ற அங்கே அந்தத் தடை தேவையில்லை, மனிதர்களைக் காப்பாற்றத் தேவை.

அடுத்தது தோட்டா. மான் மேல் பட்டால் கதை அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மான் வேட்டைக்கான ரைபிள் தோட்டா பல நேரம் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறிப் போய்க்கொண்டே இருக்கும். குறி தவறினால், தடுக்க எதுவும் இல்லாத இடத்தில், 3 கிலோமீட்டருக்கு மேல்கூடப் பறக்கும். சிறுசு என்று சொல்லப்படும் .22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டும். பகலில் முறையாக வேட்டையாடுபவருக்கு முதலில் சொல்லித் தருவது, குறியைப் பார்ப்பதற்கு முன் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்பதுதான். பின்னால் மண்மேடு இருந்தால் சுடலாம், வெறும் வானம் இருந்தால் சுடக் கூடாது. உங்கள் நண்பர்களின் விளக்கு 150 மீட்டர், மிஞ்சினால் 300 மீட்டர் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அப்பால் உள்ள மீதித் தூரம் முழுக்க இருட்டு. அந்த இருட்டில் ஒரு வீடு இருக்கலாம், சாலை இருக்கலாம், இன்னொரு வேட்டைக் கூட்டமே இருக்கலாம்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். நாட்டுக்கு நாடு விவரம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி, சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து மறுநாள் சூரியன் எழ ஒரு மணி நேரம் இருக்கும் வரை மானைச் சுடக் கூடாது. விதிவிலக்கு வேண்டும் என்றால் தனி உரிமம் வாங்க வேண்டும். ஜெர்மனியின் வேட்டைச் சட்டத்தில் அந்த இடைவெளி ஒன்றரை மணி நேரம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்றாலும், பல இடங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கி மறைவுக்கு அரை மணி பின்னால் வரைதான் அனுமதி. இந்த அரை மணி, ஒரு மணி எல்லாம் ஏதோ ஒரு அதிகாரி மனம்போல் எழுதிய எண்கள் இல்லை. சூரியன் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் வானத்தில் வெளிச்சம் நிற்கும். மானின் உருவம், கொம்பு, அதன் பின்னணி எல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியும். அந்த வெளிச்சம் இருக்கும் வரைதான் அனுமதி.

இது புதிய தடையும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளில் சட்டியில் தீ மூட்டி ஏந்திக்கொண்டு, கண் மின்னும் இடத்தைப் பார்த்துச் சுடுவார்கள். மாடுகளும் குதிரைகளும் அதில் செத்ததால் அப்போதே சில இடங்களில் அதைத் தடை செய்தார்கள். தீச்சட்டிக்குப் பதில் எல்இடி வந்திருக்கிறது. கண் அதே கண்தான்.

இந்தியாவில் பேச்சு இன்னும் சுருக்கம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991இல் திருத்தப்பட்ட பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே வைக்கவில்லை. இரவு, பகல் என்ற வேறுபாடும் கிடையாது. வெளிமான் போல, அந்தச் சட்டம் மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலும் அதே நிலைதான். பயன்படுத்திய வண்டி, ஆயுதம் எல்லாம் அரசின் சொத்தாகிவிடும். நண்பரின் அப்பா கடன் போட்டு வாங்கிய வண்டி என்றாலும் அதேதான்.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்டதற்கு வருகிறேன். விளக்கு மட்டும் பிடித்தால் தப்பா? தப்புதான். இந்தியச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாமே வேட்டை. அவற்றைச் செய்ய முயன்றாலும் வேட்டைதான். உடந்தையாக இருந்தவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். அமெரிக்காவின் பல மாநிலங்களில், வண்டியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மான் மேல் விளக்கடிப்பதே தனிக் குற்றம். ஒரு தோட்டாகூட வெடித்திருக்க வேண்டாம். அங்கே வனவிலங்கு அதிகாரிகள் தலையையும் வாலையும் அசைக்கும் பொம்மை மானைச் சாலையோரம் நிறுத்தி வைத்துக் காத்திருப்பார்கள். பொம்மையைச் சுட்டாலும் வழக்கு உண்டு. ஒரு மாநிலத்தில் வேட்டை உரிமம் பறிபோனால், மாநிலங்களுக்குள் உள்ள ஒப்பந்தப்படி மற்ற பெரும்பாலான மாநிலங்களிலும் போய்விடும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்து யோசித்தாலும், விளக்கு பிடிப்பவர்தான் குறி காட்டுகிறார். எங்கே நிறுத்துவது என்பது என் கையில் இருந்தது. அந்தப் பெரியவர் என் விளக்கை நம்பித்தான் துப்பாக்கியைத் தூக்கினார். இருமல் ஒரு நொடி தாமதித்திருந்தால், "நான் சுடவில்லை" என்று போலீஸிடம் ஒருவேளை சொல்லியிருப்பேன். எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சில் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மானை வேதனை நீளாமல் கொல்ல இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியில் தோட்டா பட வேண்டும். அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இருக்காது. இரவில் தெரிவது கண் என்பதால் பலர் தலையைப் பார்த்துச் சுடுகிறார்கள். கொஞ்சம் விலகினால் தாடை உடையும். தாடை உடைந்த மான் ஓடிவிடும், ஆனால் அதனால் மேய முடியாது, பல நாள் பட்டினி கிடந்து சாகும். வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் துடிக்கும். பகலில் ரத்தத் தடத்தைப் பார்த்துப் பின்தொடர்ந்து அதன் வேதனையை முடித்துவைக்கலாம். இருட்டில் அந்தத் தடத்தைப் பிடிப்பது மிகவும் கடினம். பிடிபடுவோமோ என்ற பயத்தில் திருட்டு வேட்டைக்காரர் தேடவும் நிற்க மாட்டார். சினை மானா, குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயா என்பதும் அந்த இரண்டு புள்ளிகளில் தெரியாது. வேட்டையை அனுமதிக்கும் நாடுகளில் ஆண், பெண், பருவம் என்று பிரித்து விதி வைத்திருப்பதற்கு இருட்டில் அர்த்தமே இல்லாமல் போகிறது.

வெளிச்சம் பட்டதும் மான் ஏன் ஓடாமல் நிற்கிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று பெரிய வெளிச்சம் அடித்தால் அதற்கு எதுவுமே தெரியாது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறது. அப்படி நிற்கிற உயிரைச் சுட்டுவிட்டு அதைத் திறமை என்று சொல்வதை என்னால் இன்று ஏற்க முடியவில்லை. பகலில் மான் நம்மை மோப்பம் பிடிக்கும், காதைத் திருப்பும், ஓடித் தப்பும். அது தப்புவதற்கு ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்பது நேர்மையான வேட்டைக்காரர்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

"இப்போதுதான் வெப்பத்தைக் காட்டும் கருவி வந்துவிட்டதே, ஆள் இருந்தால் தெரியுமே" என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். உடல் சூடு தெரியும், உண்மைதான். ஆனால் பாறைக்குப் பின்னால், மண்சுவருக்குப் பின்னால் இருப்பவர் தெரிய மாட்டார். ஓடும் வண்டியில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி பள்ளத்தில் குலுங்கி வெடிப்பதையும் அந்தக் கருவி தடுக்காது. திருட்டு வேட்டைக்குப் போகிறவர் தனியாகவும் இருக்க மாட்டார், இன்னொரு திருட்டு வேட்டைக்காரர் வைத்த பொறி வழியில் இருக்கலாம். இலங்கையில் கட்டுத்துவக்கு என்பார்கள். விலங்கு கம்பியை இடறினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைத்த துப்பாக்கி அது. காட்டு வழியில் நடந்து போனவர்கள் அதில் காலை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். அடிபட்டால் உதவிக்கு ஆளைக் கூப்பிடவும் தயங்குவீர்கள், ஏனென்றால் எங்கே இருக்கிறோம், எதற்கு வந்தோம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தயக்கத்தில் போகிற அரை மணி நேரத்தில் ரத்தம் போய்விடும்.

அன்று இரவு திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துப் பகலில் நான் மட்டும் அந்த இடத்துக்குப் போனேன். டயர் தடம் இருந்தது. அங்கிருந்து புதர்வரை நடந்து எண்ணினேன், எழுபது காலடிகள்கூட இல்லை. பகல் வெளிச்சத்தில் அங்கே படுத்திருக்கும் ஆளை வண்டியிலிருந்தே பார்த்துவிடலாம். புதருக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குக் கீழே, ஒரு குடிசை இருந்தது. வாசலில் குழந்தைகளின் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நண்பர்களிடம் நேரடியாக "வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொன்னால் அடுத்த வாரம் திரும்பக் கூப்பிடுவார்கள். காரணம் கேட்டால் இந்தப் பதிலை அனுப்புங்கள். எப்படியும் போவோம் என்றால், எந்த நாள், எந்தப் பக்கம் என்று தெரிந்தவரை வனத்துறைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பெயர் வெளியே வராமல் சொல்ல வழி உண்டு. அவர்களை நீங்களே காட்டுக்குள் தேடிப் போய்த் தடுக்க முயல வேண்டாம். அந்த இருட்டில் அவர்களுக்கு நீங்களும் தெரிய மாட்டீர்கள்.