மாணவர் சொல்லும் அம்பலம் ஏறட்டும்

கேள்வி: ஆசிரியர்களின் கற்பித்தல் குறித்து ஆண்டு இறுதியில் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கப் போவதாக எங்கள் பள்ளியில் அறிவித்திருக்கிறார்கள். மதிப்பெண்ணை வாரி வழங்குபவரே நல்ல ஆசிரியர் என்று பிள்ளைகள் எழுதிவிட மாட்டார்களா?
– ஓர் ஆசிரியை

பதில்: தங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிக் கற்ற மாணவர்கள், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடத் தேர்வில் நன்றாகச் செய்திருந்தும், தாங்கள் குறைவாகவே கற்றதாக எண்ணினார்கள். ஆகவே, ‘ஆசிரியரைப் பிடிக்கிறதா?’, ‘எவ்வளவு கற்றீர்கள்?’ என்பவற்றுக்கு வரும் விடைகளைக் கொண்டு ஒருவரை எடைபோடக் கூடாது. அவற்றைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஆனால், வகுப்பில் அன்றாடம் நடப்பதை முழுமையாகப் பார்ப்பவர்கள் மாணவர்கள்தாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒரு பாடவேளை அமர்ந்துவிட்டுப் போய்விடுவார். அமெரிக்காவில் 2009 முதல் ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களின் வகுப்புகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், புரியாதபோது ஆசிரியர் வேறு விதமாக விளக்குகிறாரா என்பது போன்ற, கண்ணால் கண்டு சொல்லக்கூடிய செய்திகளையே மாணவர்களிடம் கேட்டார்கள். அவற்றில் நல்ல விடை பெற்ற ஆசிரியர்களிடம் பயின்றவர்களின் முன்னேற்றமும் சராசரியாகக் கூடுதலாகவே இருந்தது.

‘கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிறீர்கள், எழுதிக்கொள்வதா, கேட்பதா என்று தெரியவில்லை’ என்று ஒரு பிள்ளை எழுதினால், மறுநாளே நாம் எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசலாம். அதே வரி ஆண்டு இறுதியில் வந்தால் எழுதிய பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. எனவே பருவத்தின் நடுவிலேயே, பெயர் எழுதாத தாளில் கேளுங்கள். அடுத்த வகுப்பில் எதை மாற்றப் போகிறீர்கள், வீட்டுப்பாடம் போன்ற எதை மாற்ற இயலாது, ஏன் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு மௌனமாக இருந்தால், அடுத்த முறை வெற்றுத்தாள்தான் வரும்.

கேள்வி: தொடக்க வகுப்புப் பிள்ளைகளிடமும் இப்படிக் கேட்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு கூறுகிறது. சிறு பிள்ளைகளுக்குப் படிவம் வேண்டாம். ‘இன்று எந்த இடத்தில் புரியாமல் போனது?’ என்று வாய்மொழியாகக் கேட்டால் போதும்.